கூரைமேல் தோட்டம், கீழே புத்தகங்கள்: வார்சாவில் ஐந்து நாள்

ஜூன் 11, செவ்வாய்

தங்கை மகன் வேலை பார்க்கும் ஊர் என்பதைத் தவிர, போலந்தின் தலைநகரான வார்சாவுக்கு வருவதற்கு எனக்கு வேறு காரணம் எதுவும் இல்லை. பழைய நகரச் சதுக்கம், அரண்மனைகள், பூங்காக்கள் என்று அவன் ஒரு நீண்ட பட்டியல் தயாராக வைத்திருந்தான். அதில் பாதிகூட நிறைவேறவில்லை. வந்த அன்று மாலையே விஸ்துலா ஆற்றங்கரைப் பக்கம் நடக்கப் போனவள் ஒரு நூலகத்தின் முன்னால் நின்றுவிட்டேன். அடுத்த நான்கு நாளும் எங்கே புறப்பட்டாலும் ஏதாவது ஒரு நேரத்தில் அங்கேயே போய்ச் சேர்ந்தேன்.

டோப்ரா தெருவில் நடந்து போகும்போது முதலில் கண்ணில் படுவது, பச்சை பூத்த செம்புத் தகடுகளாலான ஒரு நெடுஞ்சுவர்தான். பல ஆண்டு துலக்காமல் விட்ட பூசைச் செம்பில் களிம்பேறுமே, அந்தப் பச்சை. சுவரின் மேல் ஆள் உயரத்தைத் தாண்டிய எட்டுப் பலகைகள், ஒவ்வொன்றும் விரித்த புத்தகத்தின் பக்கம்போல நிற்கின்றன. கிரேக்கம், எபிரேயம், அரபு, பழைய ரஷ்யம், பழைய போலிஷ், தேவநாகரி எழுத்தில் சமஸ்கிருதம், கணிதச் சூத்திரங்கள், இசைக் குறியீடுகள். தெருவில் போகிறவர்கள் அவற்றை நிமிர்ந்து பார்ப்பதில்லை. தினமும் பார்க்கிற சுவர்தானே. நான் மட்டும் ஒவ்வொரு பலகையின் அடியிலும் நின்று நின்று நகர்ந்தேன்.

"பெரியம்மா, இதுதான் யுனிவர்சிட்டி லைப்ரரி. மேல ஏறிப் பார்க்கலாம், வாங்க. டிக்கெட் எல்லாம் கிடையாது" என்றான் பையன்.

கட்டடத்தின் பின்பக்கம் ஒரு தோட்டம். அதிலிருந்து படியேறினால் மேலே இன்னொரு தோட்டம். நடுவே ஓர் ஓடை மேலிருந்து கீழே இறங்கிக் குளத்தில் விழுகிறது. படி ஏறும்வரை அது கூரை என்பதே எனக்கு உறைக்கவில்லை. ரோஜாப் புதர்கள், புல், கொடி படர்ந்த பந்தல்கள், இரும்பு நடைபாலம் எல்லாம் தாண்டிப் போய் ஒரு கண்ணாடி வளைவின் ஓரம் குனிந்தபோது, நேர்கீழே விளக்கு எரியும் மேசைகளும் புத்தக அடுக்குகளும் தெரிந்தன. இரண்டு மாணவர்கள் தலை குனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அடிவயிறு ஒரு கணம் கலங்கியது. முப்பத்தொரு ஆண்டுகள் கல்லூரி நூலகத்தில் இருந்தவள் நான். புத்தகங்களின் தலைக்கு மேல் மண்ணும் தண்ணீரும் இருப்பதைப் பார்த்தால் எனக்கு வேறெதுவும் தோன்றாது.

இரவு எட்டு மணிக்குத் தோட்டத்தைப் பூட்டும்போதும் வெயில் இருந்தது. இங்கே ஜூன் மாதத்தில் ஒன்பது மணிக்குத்தான் சூரியன் மறைகிறது. வீடு திரும்பியும் தூக்கம் வரவில்லை. நேர வித்தியாசம் பாதி, அந்தக் கூரை பாதி.

ஜூன் 12, புதன்

பையன் அலுவலகம் போய்விட்டதால் தனியாகவே கிளம்பினேன். நூலகத்தைப் பற்றி நேற்று இரவு படித்ததையும் இன்று பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

வார்சா பல்கலைக்கழகம் 1816-இல் தொடங்கியது. அதன் நூலகம் நெடுங்காலம் மேட்டுப் பகுதியில், பழைய வளாகத்துக்குள் நெருக்கடியில் இருந்தது. ஆற்றை ஒட்டிய தாழ்வான போவிஷ்லே பகுதியில் எழுந்த இந்தப் புதிய கட்டடத்தை வடிவமைத்தவர்கள் மாரெக் புஜின்ஸ்கி, ஸ்பிக்னியெவ் படோவ்ஸ்கி என்ற இரு கட்டடக் கலைஞர்கள். 1999 ஜூன் 11 அன்று, அப்போது போலந்துக்கு வந்திருந்த போப் இரண்டாம் ஜான் பால் இதற்கு ஆசி வழங்கினார். அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று நூலகம் திறக்கப்பட்டது. இரேனா பயெர்ஸ்கா வடிவமைத்த கூரைத் தோட்டம் 2002 ஜூனில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. மேலும் கீழுமாக ஒரு ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பு, அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். ஐரோப்பாவின் பெரிய கூரைத் தோட்டங்களில் ஒன்று என்று இதைச் சொல்கிறார்கள்.

உள்ளே நுழைந்ததும் ஒரு தெருவில் நிற்பது போலவே இருக்கிறது. முன்புறத்தில் பிறைபோல் வளைந்த ஒரு கட்டடமும் பின்புறத்தில் நூலகமும் நிற்க, இரண்டுக்கும் இடையில் கண்ணாடிக் கூரையிட்ட நடைவழி ஓடுகிறது. காலை பத்து மணிக்கு அங்கே விளக்கு தேவைப்படவில்லை. பகலில் வெளிச்சத்துக்காக மின்சாரம் செலவழிக்காமல் இருப்பதே ஒரு நூலகம் செய்யக்கூடிய முதல் சிக்கனம். எங்கள் கல்லூரியில் அடுக்குகளுக்கு நடுவே பட்டப்பகலிலும் டியூப் லைட் எரிந்தால்தான் முதுகெழுத்துத் தெரியும்.

நூலக வாசலில் விரித்த புத்தக வடிவத்தில் ஓர் அமைப்பு. அதில் 'எல்லாம் இங்கிருந்தே' என்று பொருள்படும் இலத்தீன் சொற்கள். படியேறினால் நான்கு தூண்கள், அவற்றின் உச்சியில் நான்கு போலிஷ் தத்துவ அறிஞர்களின் சிலைகள். பையையும் மேலங்கியையும் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு, அன்று ஒரு நாளைக்கான அனுமதி பெற்றுக்கொண்டு உள்ளே போனேன். பதிவு மேசையிலிருந்த பெண் சிரிக்கவில்லை. ஆனால் நான் நூலகர் என்று சொன்னதும் எழுந்து வந்து, மாடி வரைபடத்தில் பென்சிலால் வட்டமிட்டு, எங்கே தொடங்கினால் நல்லது என்று காட்டினார். இந்த ஊர் மனிதர்கள் பெரும்பாலும் அப்படித்தான். முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் வேண்டியதைச் செய்துகொடுத்துவிடுகிறார்கள்.

திறந்த அடுக்குகள். யார் வேண்டுமானாலும் கைநீட்டி எடுக்கலாம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகப் பகுப்புமுறையில் அடுக்கியிருக்கிறார்கள். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகங்கள் பயன்பாட்டுக்கே என்பது. ஐந்தாவது, நூலகம் வளரும் ஓர் உயிர் என்பது. அந்த ஐந்தாம் விதியை எத்தனையோ ஆண்டுகள் புதிய மாணவர்களுக்கு ஒப்பித்திருக்கிறேன். புத்தகங்கள் பெருகும், வாசகர்கள் பெருகுவார்கள், இடம் போதாது என்பதுதான் அதற்கு நான் சொன்ன விளக்கம். இன்று அடுக்குக்கு நடுவில் நின்று அண்ணாந்தபோது, கண்ணாடிக்கு அப்பால் ஒரு புதர் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

மதியம் ஒரு 'பால் கடை'க்குப் போனேன். அரசு மானியத்தில் மலிவாகச் சோறு போடும் பழைய வகை உணவகங்களுக்கு இங்கே அப்படித்தான் பெயர். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் பூரணமாக வைத்து மடித்து வேகவைக்கும் பியேரோகி, நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை. ஒரு தட்டு 17 ஸ்லோத்தி, பழம் வேகவைத்த இனிப்பு நீர் ஒரு குவளை 4 ஸ்லோத்தி. நம் கணக்கில் இரண்டும் சேர்த்து ஏறக்குறைய 440 ரூபாய். தட்டு வந்தபோது மேலே பொரித்த பன்றிக்கொழுப்புத் துண்டுகள் தூவியிருந்தன. நான் கையைப் பின்னிழுத்ததைப் பார்த்த அந்த அம்மா, எதுவும் கேட்காமல் தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, வெண்ணெய் மட்டும் உருக்கி ஊற்றிய இன்னொன்றைக் கொண்டுவந்து வைத்தார். கூடுதல் காசு வாங்கவில்லை.

ஜூன் 13, வியாழன்

இன்று மழை. நான் அஞ்சியதும், உள்ளுக்குள் எதிர்பார்த்ததும் அதுதான்.

காலையில் வெயில் சுள்ளென்று அடித்ததால், "குடையை எடுத்துக்கோங்க பெரியம்மா" என்று பையன் சொன்னதைக் காதில் வாங்காமல் கிளம்பிவிட்டேன். மேல்தோட்டத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, சந்தையில் வாங்கிய ஸ்ட்ராபெரிப் பழங்களைத் தின்றுகொண்டிருந்தேன். கிலோ 15 ஸ்லோத்தி. இங்கே ஜூன் மாதம் அதற்கான பருவம், தெரு முனைதோறும் கூடைகள். ஒரு மணிக்கு மேற்கே கறுத்தது. ஐந்து நிமிடத்தில் இடியோடு கொட்டத் தொடங்கிவிட்டது. இளைஞர்கள் படியில் ஓடி இறங்கினார்கள். எனக்கு முழங்கால் அப்படி ஓட விடவில்லை. பந்தலடியில் ஒதுங்கினேன். அங்கே ஏற்கெனவே நின்றிருந்த ஒரு மூதாட்டி, புல்லில் விரித்து உட்காருவதற்காகக் கொண்டுவந்திருந்த பிளாஸ்டிக் விரிப்பை எடுத்து, ஒரு முனையை என் கையில் தந்து, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டார். இருவர் தலைக்கும் அது கூரையானது. இருபத்தைந்து நிமிடம் அப்படியே நின்றோம். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்குப் போலிஷ் தெரியாது. இடி இடிக்கும்போதெல்லாம் அவர் என் கையை லேசாகத் தட்டினார்.

அந்த இருபத்தைந்து நிமிடமும் நான் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பத்து நிமிடம் மண் நிறம் மாறியதே தவிரத் தண்ணீர் எங்கும் நிற்கவில்லை, ஓடவுமில்லை. கூழாங்கல் பரப்பிய ஓரங்களில் விழுந்த மழை சத்தமில்லாமல் உள்ளே போனது. அதற்குப் பிறகுதான் நடைபாதையின் விளிம்பில் ஒரு சிறு கசிவு தொடங்கி, ஓடைப் பக்கம் நகர்ந்தது. எங்கள் ஊர் மொட்டைமாடியாக இருந்திருந்தால் இதற்குள் வடிகுழாய்கள் எல்லாம் அருவியாகக் கொட்டிக்கொண்டிருக்கும்.

மழை விட்டதும் நனைந்த புடவையோடு கீழே இறங்கி, நேரே அடுக்குகளுக்குப் போய் உத்தரத்தைப் பார்த்தேன். நான்கு மாடியிலும் நடந்தேன். நான் நடந்த இடமெல்லாம் தேடியும் ஒரு சொட்டு, ஒரு ஈரத் திட்டு என் கண்ணில் படவில்லை. ஒரு மாணவன் என்னை விநோதமாகப் பார்த்தான். பிறகு தன் காகிதத் துவாலைகளை நீட்டினான்.

எனக்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்று சொல்ல வேண்டும். நான் பணியில் இருந்தபோது ஓர் ஐப்பசி இரவில் பெய்த மழையில் எங்கள் நூலகத்தின் தளம் ஒழுகி, கட்டுக்கட்டான பழைய இதழ்கள் இரண்டு அலமாரி நிறைய ஊறிப்போயின. மறுநாள் காலை கதவைத் திறந்தபோது வந்த வாடை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. சாதாரணத் தாளை மின்விசிறிக்கடியில் விரித்து, பக்கத்துக்குப் பக்கம் செய்தித்தாள் செருகி, அது ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச மாற்றி, ஒருவழியாகக் காப்பாற்றினோம். வழவழப்பான தாளில் அச்சான இதழ்களைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் தாளின் பூச்சு நனைந்தபின் காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் எழுத்து உரிந்து எதிர்ப்பக்கத்தோடு போய்விடும். மரப்பலகைபோல் இறுகிய பதினேழு தொகுதிகளை நானே பதிவேட்டில் சிவப்பு மையால் அடித்தேன்.

தளம் ஏன் ஒழுகுகிறது? சித்திரை வெயிலில் கான்கிரீட் கொதித்து விரிகிறது, இரவில் சுருங்குகிறது, கொதிக்கும் தளத்தின்மேல் கோடை மழை விழுந்தால் சட்டென்று சுருங்குகிறது. இப்படி ஆண்டுக்கணக்கில் விரிந்து சுருங்கினால் மேல்பூச்சில் மயிரிழை வெடிப்புகள் விழும். வெயிலின் புற ஊதாக்கதிர் நீர்காப்புப் பூச்சையே மொறுமொறுவென்று ஆக்கிவிடும். மண் மூடிய கூரையில் இந்த இரண்டும் நடப்பதில்லை. கான்கிரீட் தளத்தின்மேல் நீர்காப்புப் படலம், அதன்மேல் வேர் துளைக்காத தடுப்பு, அதன்மேல் தண்ணீர் வடிவதற்கான அடுக்கு, மண் கரைந்து கீழே இறங்காமல் வடிகட்டும் துணி, எல்லாவற்றுக்கும் மேலே எடை குறைந்த மண்கலவை என்பதுதான் இத்தகைய கூரைகளின் பொதுவான வரிசை. வெயிலும் பனியும் நீர்காப்புப் படலத்தைத் தொடுவதே இல்லை என்பதால் அதன் ஆயுள் கூடுகிறது. மண் குடித்த மழை, வெயில் வந்ததும் மெல்ல ஆவியாகி மேலே போகும்போது தளத்தின் சூட்டையும் கொண்டுபோகிறது. மிச்சத் தண்ணீரும் தாமதமாகவே தெருச் சாக்கடைக்குச் சேர்வதால் கீழே வெள்ளம் தேங்குவது குறைகிறது. புத்தகத்துக்குத் தண்ணீரால் ஆபத்து என்று முப்பத்தொரு ஆண்டுகள் நினைத்திருந்தேன். புத்தகத்தைத் தண்ணீரிடமிருந்து காப்பதே அந்த மண்தான் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு ஒரு மழை தேவைப்பட்டது.

ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் பழைய மொட்டைமாடியில் லாரி மண்ணைக் கொட்டிவிட வேண்டாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் நின்றாலே பத்துக் கிலோ. நனைந்த மண்ணோ ஒரு கனமீட்டர் ஒன்றரை டன்னைத் தாண்டும். தூணும் உத்தரமும் அந்தச் சுமையை எண்ணிப் போட்டவையாக இருக்க வேண்டும். கட்டி முடித்தபின் யோசிக்கிற விஷயம் இல்லை இது.

ஜூன் 14, வெள்ளி

லேசான சளி. இருந்தாலும் கிளம்பினேன்.

காலையில் நகர மையத்தில், நோவி ஷ்வியாத் தெரு முனையிலுள்ள ஒரு பிரமாண்டமான வெள்ளைக் கட்டடத்தைப் பையன் காட்டினான். 1952-இல் கட்டி முடிக்கப்பட்ட அது போலந்துக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையகம். 1990 ஜனவரியில் கட்சி கலைந்த பிறகு, 1991 ஏப்ரலில் வார்சா பங்குச் சந்தை அந்தக் கட்டடத்தில்தான் தொடங்கியது. கட்டடத்தை வாடகைக்கு விட்டு வந்த வருமானம் பல்கலைக்கழகத்தின் புதிய நூலகத்துக்குப் பயன்பட்டது. கட்சி அலுவலகம் பங்குச் சந்தையாகி, அதன் வாடகை நூலகமாகியிருக்கிறது.

அங்கிருந்து, தேசிய நூலகத்தின் அரிய சேகரிப்புகள் உள்ள கிராஷின்ஸ்கி அரண்மனை. அதில் ஒரு கண்ணாடிக் கலசத்தில் சாம்பல் வைத்திருக்கிறார்கள். 1944 அக்டோபரில், ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்து நடந்த வார்சா எழுச்சி தோற்ற பிறகு, ஓகுல்னிக் தெருவில் பல நூலகங்களிலிருந்து கொண்டுவந்து சேர்த்து வைத்திருந்த கையெழுத்துப் பிரதிகளையும் முதல் அச்சு நூல்களையும் ஜெர்மானியப் படையினர் எரித்ததில் மிஞ்சிய சாம்பல். பல்கலைக்கழக நூலகத்தின் செல்வங்களும் அதில் போயின. ஓகுல்னிக் தெருவிலிருந்து இன்றைய நூலகத்துக்குப் பத்து நிமிட நடை. கலசத்தின் முன்னால் நிறைய நேரம் நின்றேன். எழுத எதுவும் இல்லை.

மாலையில் மீண்டும் கூரை. நேற்றைய மழைக்குப் பிறகு ஓடை வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. கொடிப் பந்தலுக்குக் கீழே ஒரு தோட்டக்காரப் பெண்மணி முழந்தாளிட்டு ஏதோ பிடுங்கிக்கொண்டிருந்தார். களை என்று நினைத்து அருகில் போனேன். அவர் வாளியில் கிடந்தவை புல் பூண்டுகள் மட்டுமல்ல. விரல் நீளத்துக்கு வளர்ந்த பிர்ச் மரக் கன்றுகள், ஐந்து விரல்போல் இலை விரிக்கும் மேப்பிள் கன்றுகள். அருகில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி தானாகவே வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்தார். காற்றில் விதை வந்து விழுந்தபடியே இருக்கும். ஒரு பருவம் கவனிக்காமல் விட்டாலும் கன்று வேரைக் கீழே அனுப்பித் தடுப்பைத் தேடிப் போகும். அதனால் பூச்செடியைப் பார்ப்பதைவிட இதைப் பார்ப்பதுதான் எங்கள் முக்கிய வேலை என்றார். ஒரு கன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். இலை சுண்டுவிரல் நகத்தளவு இருக்கும். வேரோ அதைப்போல் நான்கு மடங்கு நீளம், நூல்போல் வெளுத்து, நுனியில் மண் ஒட்டிக்கொண்டு.

இதை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காக்கை எச்சத்தில் வந்து கோபுரத்தின் சுதைக்கு நடுவில் முளைக்கும் அரசங்கன்று எத்தனை கோபுரங்களைப் பிளந்திருக்கிறது. கைப்பிடிச் சுவரில் ஆலங்கன்று இல்லாத அரசுக் கட்டடம் நம் ஊரில் எங்கே இருக்கிறது. அந்தப் பெண்மணியிடம் அதைச் சொன்னேன். 'கோயில் உச்சியில் மரமா?' என்று வியந்தவர், பிடுங்க ஏணி எவ்வளவு உயரம் வேண்டும் என்றுதான் அடுத்து கேட்டார்.

பசுமைக் கட்டடம் என்று படம் போட்டு எழுதுகிறவர்கள் இந்த வாளியைப் படம் எடுப்பதில்லை. அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். வடிவமைத்தவர்கள் இருவர், தோட்டத்தை வரைந்தவர் ஒருவர். ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கூரையைக் கூரையாக வைத்திருப்பது, தினமும் முழந்தாளிட்டுக் கன்று பிடுங்கும் கைகள். அந்தக் கைகளுக்கு ஆண்டுதோறும் சம்பளம் ஒதுக்க ஒப்புக்கொண்ட ஒரு பல்கலைக்கழகம் இருப்பதால்தான் இந்தத் தோட்டம் நிலைத்திருக்கிறது.

சுவரில் ஏறும் கொடிகளைப் பற்றியும் அவரிடம் கேட்டேன். கோடையில் இலை அடர்ந்து சுவருக்கு வெயில் படாமல் காக்கும் கொடி, இலையுதிர்காலத்தில் சிவந்து உதிர்ந்துவிடுவதால், குளிர்காலத்தின் சொற்ப வெயில் சுவருக்குக் கிடைத்துவிடுகிறதாம். திரைச்சீலையைக் கோடையில் இழுத்துவிட்டுக் குளிர்காலத்தில் விலக்குகிற வேலையைக் கொடி தானாகவே செய்கிறது. செம்புத் தகட்டுக்கும் வண்ணம் பூச வேண்டியதில்லை. அந்தப் பச்சைக் களிம்பே உள்ளிருக்கும் உலோகத்துக்குக் காப்பு.

இரவுச் சாப்பாட்டுக்குப் பையன் பீட்ரூட்டும் மோரும் வெள்ளரிக்காயும் சேர்த்த குளிர்ந்த சூப் வாங்கித் தந்தான். இளஞ்சிவப்பு நிறம், மேலே சோயிக்கீரை. முட்டை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டோம். சளிக்கு ஆகாது என்று தெரிந்தும் முழுவதும் குடித்தேன். 24 ஸ்லோத்தி.

ஜூன் 15, சனி

கடைசி நாள். பையனுக்கு விடுமுறை என்பதால் அவனும் வந்தான்.

சனிக்கிழமை மதியத்தில் அந்தக் கூரையில் மூன்று மணப்பெண்களைப் பார்த்தேன். நீண்ட வெள்ளை உடையைத் தோழி பின்னால் தூக்கிப் பிடிக்க, புகைப்படக்காரர் முன்னால் பின்பக்கமாகவே நடக்க, நடைபாலத்தில் ஒருவர்பின் ஒருவராக நின்று தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். குழந்தை வண்டிகள், குளத்தில் வாத்து பார்க்கும் சிறுவர்கள், வெயிலில் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்திருக்கும் இளைஞர்கள். இவர்களில் பெரும்பாலோர் அந்த நூலகத்தின் ஒரு புத்தகத்தையும் எடுக்கப்போவதில்லை. இருந்தும் நூலகம் தன் கூரையை அவர்களுக்குக் கொடுத்திருக்கிறது. கட்டடம் எழும்போது பறித்துக்கொண்ட தரையில் ஒரு பங்கை மேலே தூக்கி வைத்துத் திருப்பித் தந்திருக்கிறார்கள். கிழக்கே விஸ்துலா வெளிறிய மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

தேர்வுக் காலத்தில் இந்த நூலகத்தை விடிய விடியத் திறந்து வைப்பார்களாம். 'ஆந்தைகளுக்கான நூலகம்' என்று அதற்குப் பெயர். அதை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. நாளைக் காலை ஆறு மணிக்கு விமானம் என்பதால் முடியாது.

ஊருக்குக் கிளம்பும் முன் பெஞ்சில் உட்கார்ந்தபடியே, எனக்குப் பின் எங்கள் கல்லூரி நூலகப் பொறுப்பை ஏற்ற பெண்ணுக்குச் செய்தி அனுப்பினேன். மழைக்காலம் தொடங்குமுன் மொட்டைமாடிக்கு ஒருமுறை ஏறிப் பார்க்கும்படியும், கைப்பிடிச் சுவரில் ஏதாவது முளைத்திருந்தால் உடனே ஆள் விடும்படியும் எழுதினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது.

"நேத்துதான் மேல போனேன் மேடம். அரசங்கன்னு மூணு இருக்கு. தண்ணித் தொட்டிப் பக்கம். நாளைக்கே வெட்டச் சொல்றேன்."

வெட்டினால் மறுபடி துளிர்த்துவிடும், மழை பெய்து சுவர் ஊறியிருக்கும் நாளாகப் பார்த்து வேரோடு பிடுங்கச் சொல்லுங்கள் என்று திருப்பி எழுதிவிட்டு, படியிறங்கினேன்.